கருவியும் கருணையும்

சேலம் நகருக்கு வடக்கே எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலையின்மேல், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு அமைந்துள்ளது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்பவர் 1820-களில் இங்குக் காப்பிப் பயிரைக் கொணர்ந்தார். இன்றும் மர நிழலில் காப்பிச் செடிகள் செழித்து நிற்கின்றன. பழம் பறிப்போர் சிவந்தவற்றை மட்டும் தேர்ந்து பறித்து, பச்சைக் காய்களைச் செடியிலேயே விட்டுவிட வேண்டும். அதற்குக் கைவிரைவு மட்டும் போதாது. கூரிய பார்வையும் வேண்டும். முதுமையில் கண்புரை படர்ந்துவிட்டால் சிவப்பும் பச்சையும் மங்கிப்போகும், கூலியும் குறையும்.

கண்புரையை நீக்க மருத்துவர் அறிவார். ஆயின், புரை படிந்த வில்லையை எடுத்த இடத்தில் வைப்பதற்குச் செயற்கை வில்லை வேண்டுமே! அஃது இன்றேல் மருத்துவரின் திறமை முழுப்பயன் தருவது எங்ஙனம்?

இத்தகைய குறையைக் கண்டு, மருத்துவக் கல்லூரியை இடையில் விட்டு, மருத்துவக் கருவிகள் செய்யும் தொழிலைத் தொடங்க விழையும் இளைஞர் சிலர் இக்காலத்தில் உளர். பெற்றோர் கலங்குகின்றனர். அம்மாணவர் பெற்ற இடத்தைப் பெறாமல் ஏங்கியவர் வேறொருவர் என்பதும் உண்மையே. ஆதலால் இஃது எளிய வினா அன்று. விடை தேடுவோர்க்கு மதுரையில் வாழ்ந்த ஒருவரின் வரலாறு துணை செய்யும்.

1918-ஆம் ஆண்டில் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் உழவர் குடும்பத்தில் பிறந்தவர் கோ. வெங்கடசாமி. உறவுப் பெண்கள் மகப்பேற்றின்போது மாண்டதைக் கண்டு, அத்துறை மருத்துவராக உறுதி பூண்டார். 1944-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். ஆனால் கடும் முடக்குவாதம் அவர் விரல்களை வளைத்துவிட்டது. விரும்பிய துறையைத் துறந்து கண் மருத்துவம் பயின்றார். தம் கைக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை செய்யப் பழகினார். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், 1976-இல், 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

செயற்கை வில்லைகள் அயல்நாட்டிலிருந்தே வந்தன. அவற்றின் விலையோ ஏழைகளுக்கு எட்டவில்லை. எனவே 1992-இல் அம்மருத்துவமனையின் சார்பில் மதுரையில் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் எழுந்தது. அங்குச் செய்த வில்லை, அயல்நாட்டு வில்லையின் விலையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குக்கே கிடைத்தது.

வெங்கடசாமி விரும்பிய துறையை விட்டார், நோயாளியை விடவில்லை. நோயாளியின் அருகில் பல்லாண்டு நின்றமையால்தான், எந்தக் கருவி தேவை, அஃது எவ்விலையில் தேவை என்பதை அவர் அறிந்தார்.

கல்லூரியை விட எண்ணும் மாணவர் தம் நெஞ்சைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “யான் செய்யும் கருவி, சேர்வராயன் மலையில் காப்பி பறிக்கும் மூதாட்டிக்கு எட்டுமா?” விடை அறியாதவர் இன்னும் சிலகாலம் நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பதே நன்று. எட்டும் என்று நெஞ்சறியச் சொல்ல வல்லவரோ, கல்லூரியை விட்டாலும் மருத்துவத்தை விட்டவர் ஆகார்.