எங்க தெருத் தண்ணி போற வழி

மகாபலிபுரத்துக்கு எப்படிப் போவீங்க? ஈசிஆர்ல பைக், இல்லேன்னா பஸ். படகுல போறேன்னு சொன்னா ஒரு மாதிரி பார்ப்பாங்க. ஆனா 1934-ல் பாரதிதாசன் அப்படித்தான் போயிருக்கார். ஜீவானந்தம், மயிலை சீனி. வேங்கடசாமின்னு நண்பர்கள் கூட்டத்தோட, பக்கிங்காம் கால்வாய் வழியா. அந்தப் பயணம்தான் 'மாவலிபுரச் செலவு'ங்கற கவிதை. (செலவுன்னா இங்க காசு இல்லீங்க, பயணம் :-))

கால்வாயோட ஜாதகம் சுருக்கமா: 1806-ல் காக்ரேன்ங்கற வெள்ளைக்கார வியாபாரி ஆரம்பிச்சது, எண்ணூர் வரைக்கும். 1877-78 பஞ்சத்துல, பசியில வாடின ஜனங்களைக் கூலிக்கு வச்சு கூவத்தையும் அடையாறையும் இணைச்சாங்க. அப்போ கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேர் ஒட்டிக்கிச்சு. வெட்டினவங்க பேர் எங்கயும் இல்ல.

மொத்தம் ஆந்திராவோட பெத்தகஞ்சாம்ல இருந்து மரக்காணம் பக்கம் வரைக்கும், சுமார் 420 கி.மீ. உப்பும் விறகும் இதுலதான் பட்டணம் வந்துச்சு. காத்தடிச்சா பாய் விரிப்பாங்க. இல்லேன்னா ஆளுங்க கரையில நடந்தே கயித்தால இழுக்கணும்.

இப்போ? மயிலாப்பூர் பக்கம் பறக்கும் ரயில் தூண் கால்வாய்க்குள்ளயே நிக்குது. 2008-ல் தேசிய நீர்வழி 4-ன்னு அறிவிச்சாங்க. சோழிங்கநல்லூர் ஆபீசுக்குப் போறப்ப பாலத்து மேல நின்னு பார்ப்பேன். ஆகாயத்தாமரைதான் மிதக்குது, படகைக் காணோம். ஆசைக்கு முட்டுக்காடு போட் ஹவுஸ்ல கொஞ்ச நேரம் சுத்திட்டு வரலாம், அவ்ளோதான்.

ஆனா ஒருத்தர் மட்டும் இன்னும் அந்த ரூட்ல போறார். எங்க ராஜகீழ்ப்பாக்கத்து மழைத்தண்ணி! செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம்னு ஏரி ஏரியா இறங்கி, பள்ளிக்கரணை சதுப்புல தங்கி, ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்ல ஏறி, கோவளம் முகத்துவாரத்துல கடலுக்குப் போகுது. டிக்கெட் இல்லாத பயணி.

அந்த வழியில எங்க அடைச்சாலும் அந்தப் பயணி திரும்பி வந்து நம்ம வீட்டு ஹால்ல உக்காந்துக்குவார். 2015 டிசம்பர்ல தென்சென்னைத் தெருக்கள்ல மீனவர்கள் படகு ஓட்டி ஜனங்களைக் காப்பாத்தினதை மறக்க முடியுமா? கால்வாய்ல ஓட வேண்டிய படகு தெருவுல ஓடுச்சு.

அதனால கால்வாயைத் தூர்வாரணும்னு யாராச்சும் பேசினா, அது ஏதோ கடற்கரை ஏரியா சமாச்சாரம்னு நினைக்காதீங்க மக்களே. ஏரிக்கரை ஓரமா வீடு கட்டியிருக்கற நம்ம எல்லாருக்கும் அதுதான் வடிகால்.

டிஸ்கி: தூர்வாரி முடிச்சா முதல் படகுல எனக்கு ஒரு சீட் போட்டு வைங்க. கட்டுச்சோறு என் பொறுப்பு.