லூஸ் என்றொரு சொல்

ஆங்கிலத்திலிருந்து வந்து நம் இல்லங்களில் குடியேறிவிட்ட சொற்களுள் 'லூஸ்' என்பதும் ஒன்று. தைத்து வந்த சட்டை லூஸ். பொட்டலத்தில் அடைக்காமல் நிறுத்துத் தரும் தேயிலையும் லூஸ். வயிற்றுப்போக்கோ லூஸ் மோஷன். மூன்றிலும் பொருள் ஒன்றே: இறுக்கமின்மை, கட்டின்மை.

ஆனால், மனிதரை 'லூசு' என்று ஏசுவது நம்முடைய ஆக்கம். மரை கழன்றவன் என்னும் கேலியின் சுருக்கம் அது. ஆங்கிலத்தில் 'ஸ்குரூ லூஸ்' என்றால்தான் அப்பொருள் வரும்; தனியே 'லூஸ்' என்றால் வராது. மாறாக, ஒரு பெண்ணை அச்சொல்லால் குறித்தால் ஒழுக்கங்கெட்டவள் என்றே ஆங்கிலேயர் பொருள் கொள்ள இடமுண்டு. வெளிநாடு செல்லும் நம் பிள்ளைகள் தோழியை விளையாட்டாக அவ்வாறு சொன்னாலும், கேட்போர் செவியில் அது அவதூறாகவே விழும். கற்புடைய பெண்கள் மீது அவதூறு கூறுவதை அழிவில் ஆழ்த்தும் ஏழு பெரும்பாவங்களுள் ஒன்றாக நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்திருப்பதை நாம் அறிவோம்.

இதை எழுதும் நானும் குற்றமற்றவன் அல்லன். சென்ற ஆண்டு இராயபுரத்தில், ஓதும்போது ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் தடுமாறிய சிறுவனை 'லூசு' என்று கடிந்துவிட்டேன். மற்றப் பிள்ளைகள் சிரித்தனர். மறுநாள் முதல் அதுவே அவன் பெயராயிற்று. நான்காம் நாள் அவன் வரவில்லை.

இல்லம் தேடிச் சென்றேன். அவன் தந்தை எண்ணூர்ப் பக்கம் பட்டறையொன்றில் ஃபிட்டர். என்னை மரியாதையுடன் அமர வைத்து, தேநீர் தந்துவிட்டு, "ஹஜ்ரத், நட்டு லூஸானால் நாங்கள் ஸ்பேனர் வைத்து முடுக்குவோம், தூக்கி எறிய மாட்டோம்" என்றார். நான் தலைகுனிந்தேன். பட்டப்பெயரிட்டு அழைப்பதைத் திருமறையின் 49ஆம் அத்தியாயம் 11ஆம் வசனம் தடுப்பதைப் பலமுறை பாடமாக நடத்தியவன் அல்லவா நான்!

மறுநாள் எல்லாப் பிள்ளைகளின் முன்னிலையிலும் அச்சிறுவனிடம் மன்னிப்புக் கேட்டேன். இன்றும் அவன் சில நாள் அதே இடத்தில் தடுமாறுகிறான். யாரும் சிரிப்பதில்லை, நான் மெல்ல எடுத்துக் கொடுக்கிறேன்.

வாசகர்களே! சட்டையை லூஸ் என்று சொல்லுங்கள், பிள்ளையைச் சொல்லாதீர்கள்.