ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஆகாது!

ஏப்ரல் 15 எங்கள் தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். அன்று தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள்கள் மீன்பிடித் தடைக்காலம். மீன்கள் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று விசைப்படகுகளெல்லாம் கரையில் நிற்கும். என் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகும் படகும்தான். அரசு நிவாரணம் வரும். ஆனால், ஜூன் தொடக்கத்திலேயே பள்ளிக்கூடம் திறந்துவிடும். படகு கடலில் இறங்குவதோ 15-ம் தேதி. பிள்ளைகளின் ஃபீஸ், நோட்டு, புத்தகப்பை எதுவும் அதுவரை காத்திருக்காது.

என் மாமியாரின் அப்பா முத்துக்குளித்தவர். இந்தக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பிறகு அவர் சங்கு குளிக்கப் போனார். அதனால்தானோ என்னவோ, ``கடலை மட்டும் நம்பாத பிள்ள, கரையிலயும் ஒரு தொழில் வேணும்'' என்பார் மாமி. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, வீட்டிலேயே கேக் போட ஆரம்பித்தேன்.

தூத்துக்குடி என்றாலே மக்ரூன்தான். அதில் எங்கள் ஊர் பேக்கரிகளோடு போட்டி போட முடியுமா? பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் கேட்பது பட்டர்ஸ்காட்ச். ஆகவே, முந்திரி போட்ட கப் கேக் செய்து, மேலே பட்டர்ஸ்காட்ச் சிப்ஸை உருக்கி ஊற்றித் தருகிறேன்.

கடையில் வாங்கும்போதே கவனம் வேண்டும். ஐஸ்க்ரீம் மேல் தூவும் மொறுமொறு பட்டர்ஸ்காட்ச் வேறு. அது பாகாகக் காய்ச்சி உடைத்த சர்க்கரையும் முந்திரியும். அடுப்பில் வைத்தால் கருகுமே தவிர, சாஸ் ஆகாது. உருக்குவதற்கு வேண்டியது, சாக்லேட் சிப்ஸ் போலவே மெத்தென்று இருக்கும் சிப்ஸ்.

அது வழவழவென்று உருக, பாத்திரம், கரண்டி எல்லாம் காய்ந்திருக்க வேண்டும். நான் முதல்முறை இதைச் சொன்னபோது மாமி சிரித்துவிட்டார். ``தண்ணிதான் நமக்குச் சோறு போடுது. இதுக்கு மட்டும் தண்ணி ஆகாதாக்கும்!''

ஆகாதுதான். சிப்ஸ் என்பது கொழுப்புக்குள் பொடிப்பொடியாக நிற்கும் சர்க்கரையும் பால் பவுடரும். ஒரு சொட்டு ஈரம் பட்டால் போதும், சர்க்கரைத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மொத்தமும் மணல் மணலாக இறுகிவிடும். மாமிக்கு இதை மக்ரூனை வைத்துத்தான் விளக்கினேன். வெள்ளைக்கருவில் துளி மஞ்சள்கருவோ எண்ணெய்ப் பசையோ பட்டால் நுரை பொங்காது இல்லையா? மக்ரூனுக்கு எண்ணெய் பகை, இதற்குத் தண்ணீர் பகை.

எங்கள் ஊர் வெயிலில் சிப்ஸ் பாக்கெட்டுக்குள்ளேயே கட்டியாகிவிடும். அதனால் ஃபிரிட்ஜில்தான் வைக்க வேண்டும். எடுத்த உடனே பிரித்தால் கடல்காற்றின் ஈரம் அதன் மேல் முத்து முத்தாகப் படியும். பாக்கெட்டைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வெளியே வைத்து, குளிர் விட்ட பிறகு திறக்கவும்.

வாணலியில் இரண்டு அங்குலம் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். மேலே சற்று அகலமான கிண்ணத்தை, அடிப்பாகம் தண்ணீரைத் தொடாமல் வையுங்கள். அகலமாக இருந்தால் ஆவி உள்ளே வராது. மூடி போடக் கூடாது. அதில் கோக்கும் நீர் உள்ளேதான் சொட்டும். 100 கிராம் சிப்ஸுக்கு ஒரு டீஸ்பூன் நெய். வெண்ணெயில் தண்ணீர் இருக்கிறது, நெய்யில் அது கிடையாது. சிப்ஸ் உருகியும் உருவம் மாறாமல் நிற்கும். உருகவில்லை என்று நினைத்துச் சூட்டை ஏற்றாதீர்கள். கிளறினால் தானாக இளகும்.

அப்படியும் இறுகிவிட்டால் கொட்டிவிட வேண்டாம். சூடான க்ரீமை ஒவ்வொரு ஸ்பூனாக விட்டுக் கிளறினால் சாஸாக இளகிவிடும். கேக் மேல் கெட்டியாக உறையாது. ஐஸ்க்ரீமுக்கும் பிரெட்டுக்கும் ஜோராக இருக்கும்.

இந்த வருடம் ஃபீஸ் கட்ட நகையை அடகு வைக்கவில்லை. தடைக்காலம் முடிந்து படகு போன பிறகும் ஆர்டர் வருகிறது. நான் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்தாலே, மாமி காய்ந்த துண்டோடு வந்து கிண்ணத்தை இன்னொரு முறை துடைத்துவிட்டுத்தான் தருகிறார்.