கையெழுத்துப் போடாத பறவைகள்

ஈரோடு என்றதும் உங்கள் நினைவுக்கு முதலில் வருவது எது? மஞ்சள் மண்டியும் ஜவுளிச் சந்தையும்தானே? இம்முறை அவ்விரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு, சென்னிமலை செல்லும் பேருந்தில் என்னுடன் ஏறி அமருங்கள். சன்னலோர இருக்கை கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். பார்க்க வேண்டியவை இருபுறமும் உள்ளன.

நகரத்தின் நெரிசல் குறைந்ததும் கண்ணுக்குக் குளிர்ச்சியான காட்சிகள் தொடங்கிவிடும். தென்னந்தோப்புகள், மஞ்சள் வயல்கள், சோளக்காடுகள், அவற்றைச் சுற்றிலும் கிளுவை வேலிகள். இவ்வளவு பசுமை இந்த வறண்ட மண்ணுக்கு எங்கிருந்து வந்தது என்று வியக்கிறீர்களா? பவானிசாகர் அணையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரம் ஓடிவரும் கீழ்பவானி வாய்க்காலின் கொடை அது! 2 லட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் அந்த ஒரு வாய்க்காலை நம்பியிருக்கிறது.

வழியில் வெள்ளோடு வரும். அங்கே சற்று இறங்கிப் பாருங்கள். 1996-ஆம் ஆண்டு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஏரி அது. ஏறத்தாழ 77 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நீர்நிலை, 2022-ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்று உலகப் புகழும் பெற்றுவிட்டது. கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் வாத்துகளும் எவருடைய அழைப்புமின்றி அங்கே வருகின்றன. குஞ்சு பொரிக்கின்றன. பருவம் மாறினால் சிறகை விரித்துப் புறப்பட்டு விடுகின்றன. வரவும் அவற்றின் விருப்பம், போவதும் அவற்றின் விருப்பம்.

ஆனால், நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்புவது அந்த ஏரிக்கு அன்று. அங்கிருந்து சில கிலோமீட்டர் உள்ளே, மண்சாலை ஒன்றின் முடிவில் உள்ள சிறு தோட்டத்திற்கு. அங்கேயும் பறவைகள் உண்டு. அவை தாமாக வந்தவையும் அல்ல, தாமாகப் போகக் கூடியவையும் அல்ல!

தோட்டத்து விருந்து

ஒன்றரை ஏக்கர் நிலம். நாற்பது தென்னை மரங்கள், ஒரு கிணறு, ஓட்டு வீடு ஒன்று. வாசலில் நின்று சலாம் சொன்னதும் வீட்டுப் பெரியவர் முகமெல்லாம் மலர வெளியே வந்தார். துணி வியாபாரம் செய்து ஓய்ந்தவர். "வாங்க தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல தண்ணி குடிங்க" என்று அவர் செம்பை நீட்டிய அதே வேளையில், என் தோளுக்குப் பின்னாலிருந்து யாரோ எட்டிப் பார்ப்பது போல் தோன்றியது. திரும்பினேன். கம்பி வலை வேலிக்கு மேலாக ஒரு நீண்ட கழுத்து! அதன் உச்சியில் கலைந்த தலைமுடியும் செம்பழுப்பு நிறக் கண்களுமாக ஒரு முகம்! அந்தக் கண்கள் என் சட்டைப் பையிலிருந்த பேனாவின் மீதே நிலைத்திருந்தன.

"பேனாவை உள்ளே வச்சுக்குங்க. பளபளன்னு எதைப் பார்த்தாலும் விழுங்கிடும்" என்று சிரித்தார் பெரியவர். அது விளையாட்டுப் பேச்சன்று. முதலாண்டிலேயே ஒரு பறவை திருகாணியை விழுங்கி இறந்து போனதாம்.

ஆம், ஈமுக் கோழிதான் அது. பெயரில் கோழி என்று நாம் சேர்த்துக்கொண்டோமே தவிர, கோழிக்கும் அதற்கும் யாதொரு உறவும் இல்லை. தீக்கோழிக்கு அடுத்தபடியாக உலகிலேயே உயரமான பறவை அது. தாயகம் ஆஸ்திரேலியா. நிமிர்ந்து நின்றால் ஆறடியைத் தொடும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சிறகுகள் மிகச் சிறியவை, பறப்பதற்கு உதவாதவை. ஒவ்வோர் இறகும் அடியில் ஒன்றாகத் தொடங்கி இரண்டாகப் பிரிந்து தொங்குவதால், தூரத்திலிருந்து பார்த்தால் வைக்கோற்போர் ஒன்று இரண்டு கால்களில் நடந்து வருவது போல் இருக்கும்!

ஆஸ்திரேலிய அரசுச் சின்னத்தில் ஒருபுறம் கங்காரு, மறுபுறம் இந்தப் பறவை. அவ்வளவு மதிப்புக்குரிய பறவையின் மீது அதே நாடு 1932-ஆம் ஆண்டு துப்பாக்கி ஏந்தியது என்றால் நம்புவீர்களா? மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களுக்குள் ஆயிரக்கணக்கில் புகுந்த ஈமுக்களை விரட்ட இயந்திரத் துப்பாக்கிகளுடன் இராணுவ வீரர்கள் அனுப்பப்பட்டனர். பறவைகள் சிறு சிறு கூட்டங்களாகச் சிதறி ஓடின. குண்டுகள்தாம் தீர்ந்தன. இறுதியில் வீரர்கள் திரும்பிச் சென்றனர்!

துப்பாக்கிக்குத் தப்பிய அந்தப் பறவையினம், நம் ஊரில் ஒரு தாளுக்குத் தப்ப முடியவில்லை என்பதுதான் சோகம்.

ஒப்பந்தத் தாள்

1990-களில் ஆந்திரத்தில் வேரூன்றிய ஈமு வளர்ப்பு, பின்னர் கொங்கு நாட்டிலும் பரவியது. 2010-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பெருந்துறையைச் சுற்றிப் பல நிறுவனங்கள் முளைத்தன. திரை நட்சத்திரங்கள் தோன்றிய விளம்பரங்கள் வீட்டுக்கு வீடு ஒலித்தன. "ஒன்றரை லட்சம் ரூபாய் செலுத்துங்கள். ஆறு குஞ்சுகள் தருவோம். கொட்டகை போட்டுத் தருவோம். தீவனம் தருவோம். பராமரிப்புக்கு மாதந்தோறும் ஆறாயிரம் தருவோம். இரண்டாண்டு கழித்து முதலும் திரும்ப வரும்" என்பதே பேச்சு. பறவையை வளர்ப்பதற்கு மாதச் சம்பளம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

நம் பெரியவரும் 2011-ஆம் ஆண்டு கையெழுத்துப் போட்டார். துணைவியாரின் நகைகள் வங்கியில் அடகுக்குச் சென்றன. மகளின் திருமணத்துக்குள் மீட்டுவிடலாம் என்பது கணக்கு.

கணக்கு எங்கே தவறியது? சிந்தித்துப் பாருங்கள். ஈமு இறைச்சியை அன்றாடம் வாங்கிச் சமைப்பவர் நம்மில் எத்தனை பேர்? அதன் எண்ணெய்க்கும் தோலுக்கும் இங்கே சந்தை எங்கே? பறவையை விற்று வந்த பணமன்று அது. புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணம், முன்னர் சேர்ந்தவருக்கு மாதத்தொகையாகச் சென்றது. புதியவர் வருகை குறைந்ததும் எல்லாம் நின்று போயிற்று. 2012 ஆகஸ்டில் அலுவலகங்கள் பூட்டப்பட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. பின்னாளில் கோவைச் சிறப்பு நீதிமன்றத்தில் வழக்குகள் நடந்து தண்டனைகளும் விதிக்கப்பட்டன. ஆனால், அன்றைய பொழுதுக்கு அது விடையாகவில்லை. ஏனெனில் பறவைகளுக்கு மறுநாள் காலையிலும் பசித்தது!

வளர்ந்த ஈமு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ தீவனம் வேண்டும். கைவிடப்பட்ட பண்ணைகளில் பறவைகள் பட்டினியால் மடிந்தன. கால்நடைப் பராமரிப்புத் துறை தலையிட்டுத் தீவனம் அளிக்க வேண்டிய நிலை ஏற்பட்டது. சிலர் இரவோடு இரவாகக் கதவைத் திறந்து விட்டார்கள். சாலைகளில் திகைத்து நின்ற அந்தப் பறவைகள் வாகனங்களுக்கும் நாய்களுக்கும் இரையாயின.

அந்த அம்மையாரின் சொல்

இந்தத் தோட்டத்திற்கும் ஒருநாள் சரக்கு வண்டி வந்தது. பறவை ஒன்றுக்குச் சில நூறு ரூபாய் தருவதாகச் சொன்னார் வியாபாரி. பெரியவர் சம்மதித்துவிட்டார். மகனும் அதையே விரும்பினான். கல்லூரிக் கட்டணம் செலுத்த வழியின்றிப் படிப்பை நிறுத்தியிருந்த இளைஞன் அவன். "மனுசருக்கே கஞ்சிக்கு வழியில்லாத வீட்டில் இதுகளுக்கு என்ன தீனி?" என்று கேட்டான். அவன் கேள்வியில் நியாயம் இல்லை என்று உங்களால் சொல்ல முடியுமா? என்னால் முடியவில்லை.

வண்டியை மறித்தவர் வீட்டு அம்மையார். நகையை இழந்தவரும் அவரே. அவர் அன்று சொன்னதை அவர் வாயாலேயே கேட்டேன்: "தாளில் கையெழுத்துப் போட்டது நாம. ஏமாத்தினது மனுசங்க. இந்தப் பறவைங்க எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடலையே. அதுகளுக்கு எதுக்குத் தண்டனை?"

வண்டி வெறுமையாகத் திரும்பியது. ஆனால், வீட்டில் அமைதி திரும்பவில்லை. நகைகள் ஏலத்தில் போயின. மகளின் திருமணம் ஓராண்டு தள்ளிப் போயிற்று. மகன் தந்தையிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே நிறுத்திக்கொண்டான். நல்ல முடிவு ஒன்று எடுத்தால் மறுநாளே நன்மை வாசற்படியில் வந்து நிற்கும் என்று கதைகளில் எழுதுவார்கள். இங்கே அப்படி எதுவும் நிகழவில்லை. தென்னை ஓலை முடைந்தும், கறவை மாடு ஒன்றை வைத்தும், அகத்தியும் முருங்கைக் கீரையும் சோளமும் தவிடும் கலந்து போட்டும் அந்த அம்மையார் பறவைகளைக் காப்பாற்றினார்.

ஐம்பத்தாறு நாள்கள்

அந்தக் குளிர்காலத்தில்தான் வேறொன்று நடந்தது. பெண் பறவை முட்டையிட்டது. ஈமு முட்டையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கரும்பச்சை நிறம். எடை அரைக் கிலோவுக்கும் மேல். கையில் எடுத்தால் யாரோ கல்லைச் செதுக்கி மெருகேற்றி வைத்தது போலிருக்கும்.

முட்டையிட்டதோடு தாயின் கடமை முடிந்தது. அடைகாப்பது ஆண் பறவையே! ஏறத்தாழ எட்டு வாரங்கள், அதாவது ஐம்பத்தாறு நாள்கள், அது முட்டைகளின் மீதே அமர்ந்திருக்கும். தீனி பெரும்பாலும் இல்லை. தண்ணீரும் அரிது. எழுவது முட்டைகளைப் புரட்டுவதற்காக மட்டுமே. உடலில் சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்தே உயிர் வாழும். பொரித்து வரும் வரிக்குதிரை போன்ற கோடு போட்ட குஞ்சுகளை மாதக்கணக்கில் அதுவே காத்து வளர்க்கும்.

படிப்பை இழந்த அந்த இளைஞன் நாள்தோறும் அதைப் பார்த்தான். எலும்பும் தோலுமாக இளைத்துப் போன ஆண் பறவை. எதிரே, அதைப் போலவே இளைத்துக் கொண்டிருந்த தன் தந்தை. நாற்பதாம் நாள் இரவில் நாய்கள் வேலியைச் சூழ்ந்தபோது, தடியுடன் முதலில் ஓடியவன் அவனே. விடியும் வரை கொட்டகை வாசலில் அமர்ந்திருந்தான். காலையில் தேநீருடன் வந்த தந்தையிடம், "அத்தா, நீங்க போய்த் தூங்குங்க. இன்னைக்கு நான் பார்த்துக்கிறேன்" என்றான். பல மாதங்களுக்குப் பிறகு மகன் பேசிய முதல் சொல் அது என்று சொல்லும்போது பெரியவரின் குரல் தழுதழுத்தது.

இன்று அந்த இளைஞன் பெருந்துறை தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். ஒரு மகளுக்குத் தந்தை. மாலையில் வீடு திரும்பியதும் சட்டையைக் கூட மாற்றாமல் தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு வேலிக்குள் நுழைகிறான். தண்ணீர் பட்டதும் அந்தப் பெரிய பறவை மண்ணில் படுத்துப் புரண்டு குழந்தையைப் போல் குதூகலிப்பதைக் காணக் கண்கோடி வேண்டும்!

இப்போது எஞ்சியிருப்பவை ஆணும் பெண்ணுமாக இரண்டே. ஆணுக்கு 'நெட்டையன்' என்று பெயர். பெண்ணின் தொண்டையிலிருந்து எழும் ஓசை, எங்கோ தொலைவில் முரசு அறைவது போல் தோட்டமெங்கும் அதிர்கிறது. கூட்டம் பெருகிவிடாதிருக்க, இடும் முட்டைகளை உடனே அகற்றிவிடுகிறார்கள். வருமானம்? ஒரு காசும் இல்லை. செலவு மட்டும் நிற்கவில்லை.

புறப்படும் முன்

"நாமும் இப்படி இரண்டு வாங்கி வளர்த்தால் என்ன?" என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்கக்கூடும். நானும் விளையாட்டாகக் கேட்டேன். பெரியவர் இரு கைகளையும் ஆட்டி மறுத்தார். "வேண்டவே வேண்டாம் தம்பி! மழையைத் தேடி நூற்றுக்கணக்கான மைல் நடக்கிற பறவை இது. இங்கே நாற்பது எட்டு வைத்தால் வேலி வந்துவிடுகிறது. நாங்கள் வளர்ப்பது ஆசையினால் அல்ல. கொண்டு வந்துவிட்டோம், கடைசி வரை பார்க்க வேண்டியது எங்கள் பொறுப்பு. அவ்வளவுதான்."

அன்பர்களே! கிளியோ முயலோ வண்ணமீனோ, எதை வாங்கப் போனாலும் விலை என்ன என்று கேட்பதற்கு முன், இது எத்தனை ஆண்டு உயிர் வாழும் என்று கேளுங்கள். நல்ல பராமரிப்பில் ஈமு இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில் அந்த ஒரு விவரம் எழுதப்படவே இல்லை! உயிருள்ள ஒன்றைக் காட்டி மாத வருமானம் தருவதாக எவரேனும் வந்தால், அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் கேளுங்கள். விடை தெளிவாக இல்லையென்றால் வாசலிலேயே வழியனுப்பி வையுங்கள்.

விடைபெறும் வேளையில் சிறு பேத்தி ஓடி வந்து தாத்தாவின் விரலைப் பற்றிக்கொண்டாள். "தாத்தா, கதவைத் திறந்துவிட்டா நெட்டையன் ஆஸ்திரேலியாவுக்கு நடந்தே போயிடுமா?"

பெரியவர் வேலிக்கு அப்பால் நின்ற அந்த நெடிய உருவத்தைச் சற்று நேரம் பார்த்தார். "அதுக்கு வழி தெரியாதும்மா" என்றார். "வழி தெரியாத ஊருக்கு அதைக் கூட்டிட்டு வந்தது நாமதானே? அதனாலதான் நாம கூடவே இருக்கோம்."

திரும்பும் வழியில் வெள்ளோட்டு ஏரியின் மேல் பறவைக் கூட்டமொன்று வட்டமிட்டுக் கொண்டிருந்தது. நீங்கள் அப்பக்கம் சென்றால் அவசியம் நின்று பாருங்கள். அவற்றுக்கு வழி தெரியும்.