ஒரு மணத்தக்காளி

நவம்பர் மாதச் சென்னையில் எனாமல் பெயின்ட் லேசில் காயாது. 1/24 அளவு கார் பாடிக்குச் சிவப்பு அடித்து மூன்று நாளாகியும் விரல் வைத்தால் ரேகை விழுந்தது. மாடல் கார் செய்கிறவர்கள் பலர் இதற்கு உணவு உலர்த்தும் டீஹைட்ரேட்டரைத்தான் வைத்திருக்கிறார்கள். தின்னர் ஆவியாகும்வரை வெளியே வைத்துவிட்டு, பிறகு 45 டிகிரியில் சில மணி நேரம். சூடு கூடினால் பாலிஸ்டைரீன் வளைந்துவிடும்.

என்னிடமும் ஒன்று பரணில் கிடந்தது. முட்டிவலியோடு மொட்டைமாடி ஏற வேண்டாமே என்று அம்மாவுக்கு வாங்கியது. "வெயில் படாம அது என்னடா வத்தல்?" என்பாள். ஒரே ஒரு தடவை மணத்தக்காளி போட்டாள். அடுத்த வருஷம் அவள் இல்லை.

பெயின்ட் உள்ளே போய்விட்டால், சாப்பிடுகிற எதையும் அதில் திரும்பக் காயவைக்கக் கூடாது. இனி யார் காயவைக்கப் போகிறார்கள்? தெரியும். இருந்தும் இரண்டு வருஷம் அதைத் தொடவில்லை.

அன்று ராத்திரி இறக்கினேன். கார் பாடி நிற்க உயரம் வேண்டுமென்று நடுத்தட்டின் வலையை வெட்டினேன். ஓரத்தில் சுருங்கிய மணத்தக்காளி ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. விட்டால் காற்றில் பறந்து பெயின்டில் ஒட்டும். எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். உப்பு அப்படியே இருந்தது.

பிறகு காரை வைத்து மூடினேன்.