ஊதிட்டியேடி!

மேல்மலையனூர்க்காரர்களுக்கு அங்காளம்மன் கதையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. சிவன் கையில் ஒட்டிக்கொண்ட பிரம்ம கபாலம், விழுகிற பிச்சையை எல்லாம் தானே தின்றுவிடும். அவருக்கு ஒரு பருக்கைகூட மிஞ்சாது. கடைசியில் அம்மன் சோற்றை மயானத்தில் இறைக்கிறாள். அதைத் தின்னக் கபாலம் கீழே இறங்க, காலால் மிதித்து அடக்குகிறாள். மாசியில் நடக்கும் மயானக் கொள்ளை இந்தக் கதைதான்.

இருபத்திரண்டு வயதில் அந்தக் கபாலம் என் வயிறு என்று நினைத்தேன்.

சென்னையில் முதல் வேலை. ராத்திரி ஷிப்ட், ஹாஸ்டல் பரோட்டா, நாள் முழுக்க நாற்காலி. ஒரே வருஷத்தில் 58 கிலோ 71 ஆனது. ஊருக்குப் போனால், "மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிச்சு போல" என்று அத்தை சிரிப்பார். பெண் பார்க்க வந்தவர்கள் சிரிக்கவில்லை, திரும்பி வரவும் இல்லை. ஓஎம்ஆரில் ஆபீஸுக்குப் பின்னால் இருந்த டீக்கடையில் டீம் தோழி ஒருத்தி சிகரெட்டை நீட்டினாள். "இழுத்துப் பாரு, பசியே எடுக்காது."

எடுக்கவில்லை. எட்டு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது.

அவள் சொன்னது பொய்யில்லை. நிகோடின் மூளையின் ஹைப்போதலாமஸில் பசியை அடக்கும் நரம்பணுக்களைத் தூண்டிவிடுகிறது. உடல் சும்மா இருக்கும்போது செலவழிக்கும் சக்தியையும் கொஞ்சம் கூட்டுகிறது. கம்பெனிகளுக்கு இது எப்போதோ தெரியும். 1928-இல் அமெரிக்காவில் லக்கி ஸ்டிரைக் விளம்பரம், இனிப்புக்குப் பதில் சிகரெட்டை எடுக்கச் சொல்லிப் பெண்களிடம் பேசியது. மறுவருஷமே எட்வர்ட் பெர்னேஸ், நியூயார்க் ஈஸ்டர் ஊர்வலத்தில் இளம்பெண்களைப் புகைக்க வைத்து அதைச் சுதந்திரம் என்று விற்றார். 1968-இல் வந்த பிராண்டின் பெயரிலேயே 'ஸ்லிம்ஸ்' இருந்தது. நான் கண்டுபிடித்ததாக நினைத்த குறுக்குவழியில் என் பாட்டி பிறப்பதற்கு முன்பே டோல்கேட் போட்டிருந்தார்கள்.

அவர்கள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. புகைப்பவர்களுக்குக் கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும் போக்கு அதிகம். தராசு இறங்கியது. ஜீன்ஸ் இடுப்பில் தளரவே இல்லை.

2016-17 புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் புகைக்கும் பெண்கள் 2 சதவீதம்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேர் அதிக எடையில் இருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, எனக்கு மூச்சு வாங்கியபோது டாக்டர் தைராய்டு பற்றிக் கேட்டார், எடை பற்றிக் கேட்டார். "சிகரெட் உண்டா?" என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

எங்கள் பாட்டி சுருட்டு பிடிப்பாள். மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் வரப்பில் உட்கார்ந்து பற்றவைத்தால், "ரெண்டு இழுப்பு இழுத்தா பசி தெரியாதுடி" என்பாள். அதே வாசகம். அவள் வீட்டில் சோறு இல்லாததால் பசியை மறைத்தாள். நான் சோற்றை வைத்துக்கொண்டே மறைத்தேன். அவளை யாரும் எடைபோட்டுப் பார்த்ததில்லை. கடைசி வருஷங்களில் இருமலோடுதான் படுத்தாள். அந்த இருமல் சத்தம் இருபத்தொன்பது வயதில் ஒருநாள் விடிகாலை என் பாத்ரூமில் கேட்டது.

விட்டேன். ஒரு வருஷத்தில் ஐந்து கிலோ ஏறியது. விடுபவர்களுக்குச் சராசரியாக நான்கைந்து கிலோ ஏறும் என்று பிறகுதான் படித்தேன். முன்பே தெரிந்திருந்தால் பயந்து நடுவில் இரண்டு தடவை மறுபடி பற்றவைத்திருக்க மாட்டேன்.

"மறுபடியும் ஊதிட்டியேடி!" என்றார் அம்மா. ஊதுவதை விட்டதால்தான் ஊதினேன் என்று எப்படிச் சொல்வது?

அதன் பிறகு ஓர் அமாவாசை ராத்திரி. ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில் நெருக்கியடித்து நின்றபோது அந்தக் கதை மறுபடி ஞாபகம் வந்தது. அம்மன் கபாலத்தைப் பட்டினி போடவில்லை. சோறு போட்டுத்தான் கீழே இறக்கினாள். இத்தனை வருஷம் கதையை நான் பாதியோடு நிறுத்தியிருந்தேன்.

கூட்டம் கலைந்ததும் திண்ணையில் உட்கார்ந்து அம்மா தூக்குவாளியைத் திறந்தார். புளிசோறு. நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

"முன்னெல்லாம் உன் துப்பட்டாவுல ஒரு வாடை வரும். இப்ப இல்ல. சாப்புடு."

சாப்பிட்டேன். இரண்டாவது தடவையும் போடச் சொல்லிக் கேட்டேன்.