மாற்றுப் பாதை தேடிய கை

பரந்தன் சந்தியில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் ஆனையிறவு வெளி வந்துவிடும். இரு பக்கமும் கடல்நீரேரி, முகத்தில் உப்புக்காற்று. பளையில் தென்னந்தோட்டங்கள், பிறகு கொடிகாமம், சாவகச்சேரி, நாவற்குழிப் பாலம், செம்மணி வெளி. ஏறக்குறைய 60 கிலோமீற்றர் கடந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் இறங்கினால், போதனா வைத்தியசாலை நடை தூரத்தில் இருக்கிறது.

இந்த ஏ9 வீதியால் வாரம் ஒரு தடவை அக்காவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தேன். பாரிசவாதத்தால் அவரது வலக்கை விழுந்திருந்தது. 2009இல் கணவரை இழந்தபின், தையல் மெசினை நம்பி இரண்டு பிள்ளைகளை வளர்த்த கை அது.

"இந்தக் கை இனி வருமோ, பிள்ளை?" என்று பயிற்சி கொடுத்த இளம்பெண்ணிடம் அக்கா கேட்டார்.

"அம்மா, ஆனையிறவுப் பாதை பூட்டியிருந்த காலம் என்னெண்டு போய் வந்தனீங்கள்?"

"கிளாலிக் கடலாலை, இரவிலை, வள்ளத்திலை."

"மூளையும் அப்பிடித்தான். ஒரு வழி அடைபட்டால் வேறை வழி தேடும். திரும்பத் திரும்பப் போனால்தான் அது பாதையாகும்."

தொண்ணூறுகளில் அந்தக் கடலைக் கடந்த எங்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

வைத்தியசாலை வாரத்தில் ஒரு நாள்தான். மற்ற ஆறு நாளும் வீடே பயிற்சிக்கூடம். முதலில் தோளைக் காக்கப் பழகினோம். தளர்ந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு விலகும். இருக்கும்போதும் படுக்கும்போதும் கைக்குக் கீழே தலையணை வைத்தோம்.

பிறகு மேசையில் துவாயை விரித்து, இரு கைகளையும் அதன்மேல் வைத்து, முன்னும் பின்னும் மெதுவாகத் தள்ளுதல். நோகும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். மடங்கி இறுகிய விரல்களை மற்றக் கையால் ஒவ்வொன்றாக விரித்தல். பந்தை நசுக்குவதுதான் பயிற்சி என்று பலர் நினைக்கிறார்கள். விரல் இறுகியவருக்கு விரிப்பதே முக்கியம் என்று அங்கே சொன்னார்கள்.

சிறிது அசைவு வந்ததும் வீட்டு வேலைகளே பயிற்சியாகின. வெறும் கோப்பையை எடுத்து வைத்தல், சுளகிலுள்ள புளியங்கொட்டைகளைப் பொறுக்குதல், ரொட்டிக்கு மா குழைத்தல், கொடியில் கிளிப் போடுதல். இடக்கை முந்திக்கொண்டு வரும். அதைச் சற்றுப் பொறுக்கவைத்து, வலக்கைக்கு வேலை கொடுக்க வேண்டும்.

கண்ணாடிப் பயிற்சியும் உண்டு. கண்ணாடியை நடுவில் நிறுத்தி, நல்ல கையை அசைத்து அதன் விம்பத்தைப் பார்த்தால், விழுந்த கை அசைவதுபோலத் தோன்றும். தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன், கை கால் இழந்தவர்களின் இல்லாத உறுப்பில் தோன்றும் வலிக்காகத் தொடங்கிய முறை இது. 1999இல் பாரிசவாத நோயாளரிடமும் பரீட்சிக்கப்பட்டது.

ஏழாம் மாதம் அக்கா துணியைப் பிடித்து மெசினுக்குள் நகர்த்தினார். ஊசியில் நூல் கோப்பது இன்னமும் மகளின் வேலைதான். ஆனாலும் தலையணை உறை தைத்து விற்கிறார்.

சகோதரிகளே, முதல் மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக வரும். பிந்தினாலும் கைவிட வேண்டாம். உங்கள் நோயாளிக்கு ஏற்ற பயிற்சியைச் சிகிச்சையாளரிடம் கேட்டுச் செய்யுங்கள். வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சுக் குளறினால் விடியும்வரை காத்திராமல் 1990 இலவச அம்புலன்சை உடனே அழையுங்கள்.